ரோலான் காரோஸும் அரை டிபன் கேரியரும்

பழைய பாத்திரங்களைப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கலாம் என்று போன மாதம் பரணைக் காலி செய்தோம். ஈயம் போன பித்தளை அடுக்கு, அடி நெளிந்த குக்கர், பிடி இல்லாத வாணலி, இவற்றுக்கு நடுவே ஒரு எவர்சில்வர் டிபன் கேரியரின் மேலடுக்கு மட்டும் மூடியோடு கிடந்தது. கீழடுக்கும் இல்லை, தூக்குப் பிடியும் இல்லை. "இது எந்த செட்டோடது?" என்று மனைவி கேட்டாள். பக்கவாட்டில் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தேன். 'வினாடி வினா. இரண்டாம் பரிசு. 1993.' எடைக்குப் போட வேண்டாம் என்று தனியாக எடுத்து வைத்தேன். ஏன் என்று அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் நீளும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

அப்போது கும்பகோணத்தில் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். பள்ளிகளுக்கு இடையே ஒரு வினாடி வினா, அணிக்கு இரண்டு பேர். என்னோடு வந்தவன் அப்பாவுக்கு மாற்றலாகிக் காரைக்காலிலிருந்து பாதி வருடத்தில் வந்து சேர்ந்தவன். அதிகம் பேச மாட்டான், கேட்டால் மட்டும் பதில் வரும். கடைசிக்கு முந்தைய சுற்றில் எங்களுக்கு வந்த கேள்வி: "ரோலண்ட் காரோஸ் என்பவர் எந்தத் துறையில் புகழ்பெற்றவர்?" அவன் என் காதருகில் வந்து, "ஏரோப்ளேன் ஓட்டுறவர்டா" என்றான். நான் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்போர்ட்ஸ்டார் நடுப்பக்கத்தில் வந்த ஸ்டெஃபி கிராஃப் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தவன் நான். பாரீஸில் பிரெஞ்சு ஓபன் டென்னிஸ் நடக்கிற அரங்கத்தின் பெயர் அது, எனக்குத் தெரியாதா? மைக்கைப் பிடித்து "டென்னிஸ்" என்றேன். கேள்வி கேட்டவர் கையிலிருந்த அட்டையைப் பார்த்து, "சரியான விடை, டென்னிஸ் வீரர், பத்து மதிப்பெண்" என்றார். கைதட்டல். மூன்றாவதாக வந்த அணியை ஐந்து மதிப்பெண்ணில் முந்தி இரண்டாம் பரிசு வாங்கினோம்.

பரிசு அணிக்கு ஒன்றுதான், இரண்டு அடுக்கு டிபன் கேரியர். அதை எப்படிப் பங்கு போடுவது என்று மகாமகக் குளக்கரையில் உட்கார்ந்து வெகுநேரம் பேசி, ஆளுக்கு ஓர் அடுக்கு என்று முடிவானது. எழுத்து வெட்டியிருந்த மேலடுக்கை நான் எடுத்துக்கொண்டேன். மூடியும் எனக்கே. பிடியை அவன் வாங்கிக்கொண்டான், அதை வைத்து என்ன செய்வான் என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை. போகிற வழியில் அவன் இன்னொரு தடவை, "நெஜமாவே அவரு ப்ளேன் ஓட்டுறவர்டா" என்றான். மறுநாளிலிருந்து வகுப்பில் அவனுக்குப் 'பைலட்' என்று பேர் வைத்தேன். அடுத்த வருஷம் அவன் அப்பாவுக்கு மறுபடி மாற்றலாகும் வரைக்கும் அந்தப் பேர் நின்றது.

அவன் சொன்னதுதான் சரி என்பது எனக்குத் தெரிந்து பதினைந்து வருடத்துக்கு மேலாகிறது. இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு மே கடைசியிலும் பாரீஸில் செம்மண் தரையில் ஆட்டம் தொடங்கும்போது மட்டும் அது நெஞ்சில் முள் மாதிரி உறுத்தும். ஜூன் இரண்டாம் வாரத்தில் மறந்துவிடும்.

இரண்டாவதாக வந்தவர்

ரோலான் காரோஸ் பிறந்தது 1888 அக்டோபர் 6, இந்தியப் பெருங்கடலில் பிரெஞ்சுக்காரர்கள் வசம் இருக்கும் ரீயூனியன் தீவின் தலைநகரான சான் தெனியில். இந்தத் தீவைக் காரைக்கால், புதுச்சேரிப் பக்கத்து ஆட்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1848இல் அங்கே அடிமை முறை ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்களில் கூலிக்கு ஆள் வேண்டும் என்று இங்கிருந்து கப்பல் கப்பலாக ஏற்றிப் போனார்கள். போனவர்களின் பேரன் பேத்திகளை அந்த ஊரில் 'மல்பார்' என்பார்கள். கோயில், காவடி, தீமிதி எல்லாம் இன்றைக்கும் அங்கே உண்டு. காரோஸ் பிறந்த காலத்தில் அந்தத் தோட்டங்களில் தமிழ்ப் பேச்சு கேட்டிருக்கும். ஆனால் அவர் வக்கீல் வீட்டுப் பிள்ளை. நாலு வயதிலேயே குடும்பம் வியட்நாமின் சைகோனுக்குப் போய்விட்டது. பன்னிரண்டு வயதில் படிப்புக்காகத் தனியாக பிரான்சுக்கு அனுப்பினார்கள். போன இடத்தில் நிமோனியா. உடம்பு தேற கான் நகரத்துக்கு மாற்றினார்கள். அங்கே மூச்சைத் திரும்பப் பிடிக்க சைக்கிள் மிதிக்கத் தொடங்கியவர், 1906இல் பள்ளிகளுக்கு இடையிலான சைக்கிள் பந்தயத்தில் பிரான்ஸ் சாம்பியன். கால்பந்து உண்டு, ரக்பி உண்டு, பியானோவும் நன்றாக வாசிப்பார். டென்னிஸ் மட்டையைப் பொழுதுபோக்குக்குத் தொட்டிருக்கலாம். அதில் பேர் சொல்லும்படி எதையும் ஜெயித்ததில்லை.

பாரீஸில் வணிகப் படிப்பு படித்தபோது கூடப் படித்தவர் எமில் லெசியர், ரக்பி ஆட்டக்காரர். அவர்தான் காரோஸை ஸ்தாத் பிரான்சே என்ற விளையாட்டுக் கழகத்தில் சேர்த்துவிட்டார். இந்தப் பெயரை ஒரு ஓரமாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் வருவார்.

படிப்பு முடிந்து கார் விற்கும் கடை போட்டார் காரோஸ். 1909 ஆகஸ்டில் ரேம்ஸ் நகரத்தில் நடந்த விமானத் திருவிழாவைப் பார்த்தார், அதோடு கடை நினைப்பு போனது. பிரேசில்காரர் சாந்தோஸ் துமோன் வடிவமைத்த 'தெமுவாசெல்' என்ற குட்டி விமானத்தை வாங்கினார். உடம்பு முழுக்க மூங்கில், மேலே துணி. தானே கற்றுக்கொண்டு பறந்தார். அப்புறம் பந்தயங்கள். 1911இல் பாரீஸ்–ரோம் பந்தயத்தில் இரண்டாவது, அதே வருடம் ஐரோப்பாவைச் சுற்றும் பந்தயத்திலும் இரண்டாவது. இரண்டிலும் அவரை முந்தியவர் ஒரே ஆள், 'போமோன்' என்ற புனைபெயரில் பறந்த கடற்படை அதிகாரி ழான் கொன்னோ. இரண்டாம் பரிசுக்காரன் என்ற முறையில் இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

1913 செப்டம்பர் 23 காலை 5.47க்கு பிரான்சின் தென்கரையில் ஃப்ரேழுஸிலிருந்து கிளம்பி, மத்தியதரைக் கடலை ஒரே மூச்சில் தாண்டி, 7 மணி நேரம் 53 நிமிடம் பறந்து துனீசியாவின் பிசெர்த்தில் இறங்கினார். அதற்கு முன் யாரும் செய்யாதது. ஏறக்குறைய 800 கிலோமீட்டர், இஞ்சின் 80 குதிரைத் திறன். இன்று நம் ஊர்ச் சின்னக் காருக்கு இருக்கிற சக்தி. திறந்த இருக்கை, கீழே முழுக்கத் தண்ணீர், வழியில் இஞ்சினிலிருந்து ஒரு துண்டு பிய்த்துக்கொண்டு போனது. இறங்கியபோது டாங்கில் மிச்சம் ஐந்து லிட்டர் என்பார்கள். கேள்வி அட்டை எழுதினவருக்கு இந்த ஒரு நாள் தெரிந்திருந்தால் போதும், எங்களுக்கு அந்தப் பத்து மதிப்பெண் கிடைத்திருக்காது.

அந்தக் காலத்தில் விளையாட்டுக்கும் விமானத்துக்கும் நடுவே பெரிய சுவர் கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். சைக்கிள், கார், விமானம் மூன்றையும் ஒரே கூட்டம்தான் ஓட்டியது, ஒரே பத்திரிகைகள்தான் எழுதின. 1910இல் டூர் தெ பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை ஜெயித்த ஒக்தாவ் லாபிஸ் முதல் உலகப் போரில் விமானியாகி 1917 ஜூலை 14, அவர்கள் தேசிய தினத்தன்று, வானத்தில் சுடப்பட்டு இறந்தார். அதற்கு முந்தைய வருட சாம்பியன் ஃப்ரான்ஸ்வா ஃபாபேர் 1915இலேயே போர்முனையில் போய்விட்டார். குத்துச்சண்டைக்காரர் ஜார்ஜ் கார்பான்தியே விமானம் ஓட்டினார். அமெரிக்காவின் கார் பந்தய வீரர் எடி ரிக்கன்பேக்கர் விமானமும் பலூனுமாக 26ஐ வீழ்த்தினார். இந்தப் பட்டியலில் நிஜமான டென்னிஸ் வீரர் ஒருவரும் உண்டு, நியூசிலாந்தின் ஆன்டனி வைல்டிங். தொடர்ந்து நாலு வருடம் விம்பிள்டன் ஜெயித்தவர். பாரீஸ் செம்மண் தரையில் நடந்த உலகப் போட்டியை 1913, 1914 இரண்டு வருடமும் ஜெயித்தவர். 1915 மே 9 அன்று பிரான்ஸ் மண்ணிலேயே குண்டு விழுந்து இறந்தார். பாரீஸ் செம்மண்ணில் ஆடி, ஜெயித்து, அந்த மண்ணிலேயே உயிரை விட்டவர் வைல்டிங். அரங்கத்துக்குப் பெயர் காரோஸ். கும்பகோணத்து அட்டையில் எழுதியிருந்த தப்புக்கு ஒரு நியாயம் தேடினால் இங்கேதான் தேட வேண்டும்.

எரியாத விமானம்

போர் தொடங்கிய முதல் நாட்களிலேயே காரோஸைப் பற்றி ஒரு செய்தி பரவியது. ஜெர்மானிய செப்பலின் ஆகாயக் கப்பல் ஒன்றின் மீது தன் விமானத்தை மோதி, அதையும் அழித்துத் தானும் செத்தார் என்று. பத்திரிகைகள் புகழ்ந்து எழுதின. அப்படி ஒன்றும் நடக்கவில்லை, மனிதர் உயிரோடுதான் இருந்தார். செய்யாத காரியத்துக்குப் பேர் வாங்குவது அவருக்கு அப்போதே தொடங்கிவிட்டது.

அவர் உண்மையில் செய்தது வேறு. 1914இல் ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றைச் சுடுவது பெரிய தலைவலி. விமானத்தின் மூக்கில் விசிறி மாதிரிச் சுற்றும் சுழலி இருக்கிறது. குறி வைப்பதற்கு வசதியான திசை நேராக முன்னால். அங்கே துப்பாக்கியை வைத்தால் முதல் குண்டு தன் சுழலியையே உடைத்துவிடும். சுழலி பின்னால் இருக்கும் விமானங்களில் இந்தத் தொல்லை இல்லை. வானத்தில் ஒரு விமானம் இன்னொன்றைச் சுட்டு வீழ்த்திய முதல் சம்பவம், 1914 அக்டோபர் 5 அன்று ஃப்ரான்ட்ஸ், கெனோ என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் செய்தது, அப்படிப்பட்ட விமானத்தில்தான். ஆனால் அவை மெதுவானவை. வேகமான விமானங்களுக்குச் சுழலி முன்னால். சரி, சுழலியின் இதழ் குழலுக்கு நேரே வராத கணத்தில் மட்டும் சுடும்படி துப்பாக்கியைச் சுழலியோடு இணைத்துவிட்டால்? விமானம் கட்டும் ரேமோன் சோல்னியே இதைப் போருக்கு முன்பே முயன்று பார்த்திருந்தார். தோட்டாக்கள் ஒரே சீராக வெடிக்கவில்லை. ஒன்று கண் இமைக்கும் நேரம் தாமதமாக வெடித்தாலும் இதழ் போச்சு. அதனால் முரட்டு வழி ஒன்றைப் பிடித்தார்கள். இதழில் குண்டு படுகிற இடத்தில் எஃகு ஆப்பு. பெரும்பாலான குண்டுகள் இடைவெளியில் புகுந்து போய்விடும். பட்டுவிட்ட ஒன்றிரண்டை ஆப்பு பக்கவாட்டில் தெறிக்கவிடும். காரோஸும் அவருடைய மெக்கானிக் ழூல் உய்யும் இந்த ஆப்பைத் திரும்பத் திரும்பத் திருத்தினார்கள். ஒவ்வொரு அடிக்கும் சுழலி அதிரும், அந்த அதிர்ச்சி இஞ்சின் வரைக்கும் போகும். தெரிந்தேதான் பறந்தார்.

1915 ஏப்ரல் 1 அன்று முதல் விமானத்தை வீழ்த்தினார். 15ஆம் தேதி இரண்டாவது. 18ஆம் தேதி மூன்றாவது. நேராகத் தங்களைப் பார்த்து வரும் ஒற்றை இறக்கை விமானத்தின் மூக்கிலிருந்து குண்டு வருவதை அதுவரை யாரும் பார்த்ததில்லை. சுழலி இருக்கிறதே, அங்கிருந்து எப்படிச் சுடுவான் என்று நினைத்து முடிப்பதற்குள் விழுந்தார்கள்.

அதே 18ஆம் தேதி, பெல்ஜியத்தில் ஜெர்மானியர் பிடித்து வைத்திருந்த பகுதிக்கு மேலே, அவர் இஞ்சின் நின்றது. தரையிலிருந்து சுட்டது எரிபொருள் குழாயில் பட்டது என்று ஒரு கதை. இஞ்சினே கோளாறு என்று இன்னொரு கதை. எப்படியோ எதிரி மண்ணில் ஒரு வயலில் இறங்கினார். இந்தச் சில நிமிடங்களைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். கையில் ஒரு ரகசியம். அது காகிதத்தில் இல்லை, தோளுயரச் சுழலியில் ஆணி அடித்து நிற்கிறது. ஓடி ஒளிந்துகொள்ள நேரம் உண்டு, விமானத்தை அழிக்கவும் வேண்டும். தீ வைத்தார். துணியும் மரமும் பிடிக்க வேண்டியதுதானே? பிடித்தது, ஆனால் போதவில்லை. துப்பாக்கியும் சுழலியும் அடையாளம் தெரியும்படி மிஞ்சின. அவரையும் பிடித்தார்கள், சுழலியையும் பிடித்தார்கள். அடுப்புப் பற்ற வைக்கிறவர்களுக்குத் தெரியும், அவசரத்தில் எதுவும் பற்றாது. அன்றைக்கு நெருப்பு கொஞ்சம் கூடுதலாகப் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்திருக்கிறேன், நூறு வருடம் கழித்து, கும்பகோணத்துக்காரன் ஒருவன்.

அந்தச் சுழலியை ஜெர்மனிக்கு வேலை செய்துகொண்டிருந்த டச்சுக்காரர் ஆன்டனி ஃபாக்கரிடம் கொடுத்து, இதே மாதிரி செய் என்றார்கள். ஜெர்மானியக் குண்டுகளை ஆப்பு தாங்காது. ஃபாக்கரின் ஆட்கள் ஆப்பை விட்டுவிட்டு இணைப்புப் பொறிக்கே போனார்கள், துப்பாக்கியும் சுழலியும் ஒத்துப்போகும் பொறி. அது வேலை செய்தது. 1915 கோடையிலிருந்து 1916 தொடக்கம் வரை ஃபாக்கரின் ஒற்றை இறக்கை விமானங்கள் பிரெஞ்சு, ஆங்கில விமானங்களை வேட்டையாடித் தீர்த்தன. அதனால் காரோஸ் பிடிபட்டதே அத்தனை பேர் சாவுக்கும் காரணம் என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு இது பாதிதான் ஒப்பும். இப்படி ஒரு பொறிக்கு ஃப்ரான்ட்ஸ் ஷ்னைடர் என்பவர் ஜெர்மனியில் 1913இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். காரோஸின் சுழலி கிடைக்காவிட்டாலும் அவர்கள் அங்கே வந்து சேர்ந்திருப்பார்கள், சில மாதம் தள்ளி. செய்யாத வீரத்துக்குப் புகழ் வந்தது போலவே, முழுக்கச் செய்யாத குற்றத்துக்குப் பழியும் வந்தது.

'ஆஸ்' கதையும் இதே கதைதான். சீட்டாட்டத்தில் நாம் சொல்கிற அதே ஆஸ். எதிரியின் ஐந்து விமானங்களை வீழ்த்தியவரை பிரெஞ்சுக்காரர்கள் அப்படிக் கூப்பிட்டார்கள். காரோஸ்தான் உலகின் முதல் ஆஸ் என்று இன்னமும் எழுதுகிறார்கள். அவர் கணக்கு மொத்தமே நாலு. முதல் ஆஸ் என்று சொல்ல வேண்டுமானால் அதோல்ஃப் பெகூவைச் சொல்ல வேண்டும். கல்கத்தாவில் பிறந்த இந்திரலால் ராய் பத்தொன்பது வயதில், 1918 ஜூலையில், இரண்டே வாரத்தில் பத்து விமானங்களைக் கணக்கு வைத்துவிட்டு இறந்தவர். அவர் பெயரை எத்தனை வினாடி வினாவில் கேட்டிருக்கிறோம்?

மூக்குக்கண்ணாடி

ஏறக்குறைய மூன்று வருடம் சிறை. ஒரு முகாமிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். 1918 பிப்ரவரியில் மாக்டபுர்க்கிலிருந்து இன்னொரு விமானி அன்செல்ம் மார்ஷாலோடு தப்பினார். கையால் தைத்த ஜெர்மன் அதிகாரி உடுப்பு. மார்ஷாலுக்கு ஜெர்மன் தண்ணீர் பட்ட பாடு. ஹாலந்து போய், அங்கிருந்து லண்டன், அங்கிருந்து பிரான்ஸ். உடம்பு உருக்குலைந்திருந்தது. பார்வையும் மங்கிவிட்டது. வெளியே தெரிந்தால் பறக்க விடமாட்டார்கள் என்று ரகசியமாக மூக்குக்கண்ணாடி செய்துகொண்டார். பிரதமர் கிளெமான்சோ போர்முனைக்குத் திரும்ப வேண்டாம், ஆலோசகராக இருங்கள் என்று சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை.

மூன்று வருடத்தில் வானம் ஆளே மாறிவிட்டது. அவர் விட்டுப்போன விமானம் மணிக்கு நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் போகும். திரும்பி வந்து ஏறிய ஸ்பாட் 13 இருநூறைத் தாண்டும், சுழலி வழியே சுடும் இரண்டு துப்பாக்கிகள், இரண்டுமே இணைப்புப் பொறியோடு. அவர் ஆப்பு அடித்துத் தொடங்கிய வேலையின் முழு வடிவம், அவர் இல்லாமலே முடிந்திருந்தது. இருபத்தொன்பது வயதில், கண்ணாடியோடு, பொடிப் பையன்கள் நடுவே மறுபடி அரிச்சுவடியிலிருந்து கற்றுக்கொண்டார். அக்டோபர் 2 அன்று நாலாவது விமானத்தை வீழ்த்தினார். 5ஆம் தேதி வூசியே என்ற ஊர்ப் பக்கத்தில் சண்டையில் விழுந்து இறந்தார். வானத்தில் முதல் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு அன்றோடு சரியாக நாலு வருடம். மறுநாள் அவருக்கு முப்பது வயது பிறந்திருக்கும். இன்னும் 37 நாளில் போர் முடிந்தது.

பெயர் வெட்டியவர்

1927இல் பிரான்சின் நாலு டென்னிஸ் ஆட்டக்காரர்கள், லகோஸ்த், போரோத்ரா, கோஷே, ப்ருனியோன், அமெரிக்காவுக்கே போய் நாடுகளுக்கு இடையிலான டேவிஸ் கோப்பையை ஜெயித்துக் கொண்டுவந்தார்கள். அடுத்த வருடம் பாரீஸில் அதைக் காப்பாற்றிக்கொள்ள ஆட வேண்டும், கூட்டம் கொள்ளும் அரங்கம் இல்லை. ஸ்தாத் பிரான்சே கழகம் ஒத்தேய் பக்கத்தில் மூன்று ஹெக்டேர் நிலம் கொடுத்தது. அப்போது கழகத்தின் தலைவர் எமில் லெசியர். அந்தக் கூடப் படித்தவர். ஒரே நிபந்தனை, பெயர் ரோலான் காரோஸ். இல்லாவிட்டால் கழகத்தின் பெட்டியிலிருந்து ஒரு காசு வராது என்று நின்றார் என்பார்கள். டென்னிஸ்காரர்கள் முகம் எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். செத்துப் பத்து வருடமான ஒரு விமானி, டென்னிஸுக்கு என்ன சம்பந்தம்? லெசியருக்குச் சம்பந்தம் இருந்தது. நண்பன்.

இந்த விஷயம் முதலில் தெரிந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. நம் ஊர்க் கோயிலில் ட்யூப் லைட் போடுகிறவர் அதன் மேலேயே 'உபயம்' என்று தன் பெயரைப் பெரிசாக எழுதி, வெளிச்சத்தில் பாதியை மறைப்பாரே, அந்த மாதிரி ஒரு காரியம் என்று தோன்றியது. பெயர் நிற்கிறது, ஆள் மறைந்துபோகிறார். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானவர்கள் ஒவ்வொரு வருடமும் உச்சரிக்கிற பெயர், அத்தனை பேரும் தப்பாக நினைத்துக்கொண்டு உச்சரிக்கிற பெயர். இதற்கு அவர் பெயரை ஒரு விமான தளத்துக்கு வைத்துவிட்டுப் போயிருக்கலாமே? (பிறகு வைத்தார்கள். ரீயூனியனில் இறங்குகிற பெரிய விமான நிலையம் அவர் பெயரில்தான்.)

ஆனால் அப்புறம் பெகூவை நினைத்துப் பார்த்தேன். முதல் ஆஸ் அவர்தான். விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்துக் காட்டியவர், தலைகீழாகப் பறந்து காட்டியவர். அவரைப் பற்றி உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? தப்பாகக்கூடத் தெரியாது. வைல்டிங்கையும் தெரியாது. என்னைப் போல் யாரோ ஒருவன் காரோஸைத் தப்பாகச் சொல்லி, அந்தத் தப்பு உறுத்தி, தேடிப் போய்ப் படித்து, பெல்ஜியத்து வயலில் சரியாக எரியாத விமானம் வரைக்கும் வந்து சேர்ந்தேன் என்றால், அந்தக் கதவை லெசியர்தான் திறந்து வைத்தார். கார் செய்த எத்தோரே புகாத்தியும் இப்படி ஒன்று செய்தார், 1922இல் பிறந்த தன் மகனுக்கு ரோலான் என்று பெயர் வைத்தார். அதை யாரும் கேள்வி கேட்கவில்லை. பிள்ளைக்குச் செத்துப்போன சிநேகிதன் பேரை வைத்தால் சரி, மைதானத்துக்கு வைத்தால் தப்பா?

இப்படிச் சொல்லிவிட்டு அடுத்த நாள் மறுபடி கோபம் வரும். அங்கே பெரிய கோர்ட்டில், பிடிவாதம் உள்ளவனுக்கே வெற்றி என்ற பொருளில் ஒரு வாசகம் எழுதி வைத்திருக்கிறார்கள். டிவியில் அது காட்டப்படும் ஒவ்வொரு தடவையும் எனக்கு ஞாபகம் வருவது லெசியர்தான். ஆட்டம் பார்க்கிறவர்களுக்கு அவர் பேர் தெரியாது.

பரணிலிருந்து அடுக்கை எடுத்த ஒரு வாரம் கழித்துக் காரைக்கால்காரனின் நம்பரைப் பழைய மாணவர் குழுவில் தேடிப் பிடித்தேன். முப்பது வருடத்துக்குமேல் பேசவில்லை. என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியாமல், "டேய், ரோலான் காரோஸ் விஷயத்துல நீ சொன்னதுதான்டா சரி" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அது யாரு?" என்றான்.

வினாடி வினா, அட்டை, பத்து மதிப்பெண் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவனுக்குப் போட்டி நடந்தது ஞாபகம் இருந்தது, கேள்வி ஞாபகம் இல்லை. "பைலட்டுன்னு கூப்புடுவீங்களே, அதுக்கு இதான் காரணமா? நான் பெரியவனானா பைலட் ஆவேன்னு சொன்னேன், அதான் கூப்புடுறீங்கன்னு நெனச்சுட்டிருந்தேன்" என்றான். சரி, அப்போது உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னான். அவன் தாத்தாவின் தம்பி குடும்பம் ரீயூனியனில் இருந்ததாம். அங்கிருந்து வருகிற போஸ்ட் கார்டுகளை ஆத்தா பெட்டியில் வைத்திருப்பாராம். அதில் ஒன்றில் ஒரு சிலை. யார் இது என்று கேட்டதற்கு, "நம்ம ஊர்க்காரரு, ஏரோப்ளேன் ஓட்டுவாரு" என்று ஆத்தா சொன்னாராம். நம்ம ஊர் என்று ஆத்தா எந்த ஊரைச் சொன்னார் என்று அவனுக்குத் தெரியவில்லை.

பேச்சு பிள்ளைகள், சர்க்கரை, ஓய்வு என்று வேறெங்கோ போய்விட்டது. வைக்கப் போகும்போது கேட்டேன், அந்தக் கீழடுக்கு இருக்கிறதா என்று. இருக்கிறதாம். பிடி எப்போதோ போய்விட்டது, அடுக்கு மட்டும் அரிசி மூட்டைக்குள் கிடக்கிறதாம். தினமும் இரண்டு வேளை அதில்தான் அளக்கிறார்கள்.

"மூடி ஒங்கிட்டதான் இருக்கு?" என்றான்.

"இருக்கு."

"இந்தப் பக்கம் வந்தா எடுத்துட்டு வா. எறும்பு வருது."